செல்சுவரும் சிறப்புச் செல்களும்: ஆய்வுக்கு எந்தச் சயனோபாக்டீரியாவைத் தேர்ந்தெடுப்பது?

ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியாக்களான சயனோபாக்டீரியாவின் செல்சுவர் எப்படிக் கட்டப்படுகிறது, நைட்ரஜனை நிலைநிறுத்தும் ஹெட்டெரோசிஸ்ட் போன்ற சிறப்புச் செல் உருவாகும்போது அதே சுவர் எப்படி மாற்றியமைக்கப்படுகிறது என்று ஆராயப் புகும் மாணவர்கள் பெரும்பாலும் முதல் படியிலேயே நின்றுவிடுகிறார்கள். எந்த இனவகையை வளர்ப்பது என்பதுதான் அந்தத் தடை. செல்கள் வரிசையாக இணைந்து இழையாக வளரும் அனபீனாவையே எல்லோரும் பயன்படுத்துகிறார்களே, அது போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். ஒற்றைச் செல் வகையில் மரபணு வேலை எளிதாயிற்றே, அதில் தொடங்கிப் பிறகு இழை வகைக்கு மாறலாமா என்று வேறு சிலர் கேட்கிறார்கள். இரண்டும் நியாயமான கேள்விகள். ஆனால் இனவகையை எளிமை கருதித் தேர்ந்தெடுத்துவிட்டுப் பிறகு அதற்கேற்ற கேள்வியைத் தேடுவது இந்தத் துறையில் ஆண்டுக்கணக்கில் உழைப்பை வீணாக்கும். கேள்வி சுவரின் எந்தப் பகுதியைப் பற்றியது என்பதே முதலில் முடிவாக வேண்டும்.

## எதை வைத்து ஒப்பிடுவது

சயனோபாக்டீரியாவின் சுவர் ஒரு கலவையான அமைப்பு. கிராம் எதிர் பாக்டீரியாக்களைப் போல வெளிச்சவ்வு உண்டு. ஆனால் அதற்கு உள்ளே இருக்கும் பெப்டிடோகிளைக்கன் அடுக்கு (சர்க்கரைச் சங்கிலிகளைச் சிறு பெப்டைடுகள் குறுக்கே பிணைக்கும் வலை) ஆய்வகங்களில் பரவலாகப் பயன்படும் ஈ.கோலை பாக்டீரியாவில் இருப்பதைவிடத் தடிமனானது, குறுக்குப் பிணைப்புகளும் அதில் மிகுதி. இழை வகைகளில் இன்னொரு சிறப்பு சேர்கிறது. செல் பிரிந்த பிறகும் மகள் செல்கள் விலகிப்போவதில்லை. வெளிச்சவ்வு ஒவ்வொரு செல்லையும் தனித்தனியே சுற்றாமல், ஒரே போர்வைக்குள் வரிசையாகப் படுத்திருப்பவர்களை மூடுவதுபோல, இழை முழுவதையும் தொடர்ச்சியாக மூடியிருக்கிறது. இரு செல்களுக்கு நடுவே நிற்கும் குறுக்குச்சுவரில் நுண்துளைகள் இடப்படுகின்றன. அவற்றின் வழியே செல்லும் புரத இணைப்புகள் சிறு மூலக்கூறுகளைச் செல்லுக்குச் செல் கடத்துகின்றன. சுவர் கட்டுமானமும் செல் வேறுபாடும் சந்திக்கும் இடம் இந்தக் குறுக்குச்சுவர்தான். என் கருத்தில், ஒரு இனவகையை மதிப்பிடும்போது மற்ற எதையும்விட அதன் குறுக்குச்சுவரை எவ்வளவு நன்றாகப் பார்க்கவும் மாற்றவும் முடிகிறது என்பதையே முதன்மையாகக் கொள்ள வேண்டும்.

அதையடுத்து நான்கு அளவுகோல்கள் வருகின்றன. எத்தனை வகைச் செல்கள் உருவாகின்றன, அவற்றை ஒரே நேரத்தில் தூண்ட முடிகிறதா என்பது ஒன்று. மரபணுவை நீக்கவும், நீக்கினால் உயிர் பிழைக்காத மரபணுவை விரும்பியபோது அடக்கவும் கருவிகள் உண்டா என்பது இரண்டாவது. சுவரைத் தனியே பிரித்தெடுத்து வேதிப் பகுப்பாய்வு செய்ய முடியுமா என்பது மூன்றாவது. ஒப்பிட்டுப் பார்க்கத் தேவையான முந்தைய ஆய்வுகள் எவ்வளவு உள்ளன என்பது நான்காவது. வளர்ச்சி வேகத்தைப் பலரும் முதலில் வைக்கிறார்கள். நான் அதைக் கடைசியில்கூடத் தயக்கத்துடன்தான் சேர்ப்பேன்.

## அனபீனா பிசிசி 7120

இந்த இனவகையின் மரபணுத்தொகுதி ஜப்பானின் கசுசா டிஎன்ஏ ஆய்வு நிறுவனத்தில் வரிசைப்படுத்தப்பட்டு 2001இல் வெளிவந்தது. ஏறத்தாழ 64 லட்சம் டிஎன்ஏ கார இணைகள் கொண்ட ஒரு குரோமோசோமும் ஆறு பிளாஸ்மிட்களும் (தனியே நிற்கும் சிறு டிஎன்ஏ வளையங்களும்) அதில் உள்ளன. அதற்கு முன்பே இது இத்துறையின் மைய உயிரியாகிவிட்டது. ஈ.கோலையிலிருந்து இணைவு முறையில், அதாவது செல்லும் செல்லும் ஒட்டிக்கொள்ளும்போது, டிஎன்ஏவைச் செலுத்தும் வழியை 1980களில் பீட்டர் வோக்கின் குழுவினர் உருவாக்கினர். ஹெட்டெரோசிஸ்ட் உருவாக்கத்தின் தலைமைச் சீராக்கியான ஹெட்ஆர் மரபணுவை புய்க்கெமாவும் ஹேசல்கார்னும் 1991இல் அறிவித்தனர். அண்டைச் செல்கள் ஹெட்டெரோசிஸ்டாக மாறாமல் தடுக்கும் சிறு பெப்டைடைத் தரும் பேட்எஸ் மரபணுவை யூனும் கோல்டனும் 1998இல் விவரித்தனர். நீங்கள் எழுப்பும் கேள்வி எதுவானாலும் அதற்கு அருகில் வேறொருவர் செய்த சோதனை இந்த உயிரியில் இருக்கும். ஒப்பீடு இல்லாமல் சுவர் ஆய்வில் எந்த முடிவையும் நம்ப முடியாது என்பதால் இது பெரிய பலம்.

சிறப்புச் செல் உருவாக்கத்தை ஒரே நேரத்தில் தூண்டுவதில் இதற்கு நிகரானவை குறைவு. நைட்ரேட்டில் வளர்ந்த இழைகளைக் கழுவி, நைட்ரஜன் சேர்மம் இல்லாத ஊடகத்துக்கு மாற்றினால், சுமார் 24 மணி நேரத்தில் பத்து முதல் இருபது செல்களுக்கு ஒன்று வீதம் முதிர்ந்த ஹெட்டெரோசிஸ்டுகள் தோன்றுகின்றன. அந்த நேரத்துக்குள் அந்தச் செல் தன் பழைய சுவருக்கு வெளியே கிளைக்கோலிப்பிட் அடுக்கையும், அதற்கும் வெளியே பாலிசாக்கரைடு அடுக்கையும் போர்த்திக்கொள்கிறது. அண்டைச் செல்லோடு ஒட்டியிருக்கும் குறுக்குச்சுவர் ஒடுங்கிக் கழுத்துபோல் ஆகிறது. பிறகு அந்தச் செல் பிரிவதே இல்லை. ஆக்ஸிஜன் பட்டால் செயலிழக்கும் நைட்ரோஜினேஸ் நொதியைக் காக்கத்தான் இத்தனை ஏற்பாடும். போர்வையில் குறையுள்ள பிறழ்வு வகைகளைக் கண்டுபிடிப்பதும் இதனால் எளிதாகிறது: அவை காற்றில் நைட்ரஜனை நிலைநிறுத்தத் தவறும், ஆக்ஸிஜன் இல்லாத சூழலில் அதைச் செய்யும்.

குறுக்குச்சுவர் ஆய்வுக்கும் இதில் வலுவான அடித்தளம் உண்டு. கால்சீன் என்னும் ஒளிரும் மூலக்கூறைச் செல்களுக்குள் ஏற்றி, ஒரு செல்லை மட்டும் லேசரால் வெளுக்கச் செய்து, பக்கத்துச் செல்லிலிருந்து ஒளி திரும்பி வருவதை அளக்கும் முறை 2008இலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. 2019இல் சூரிச், டூபிங்கன் நகரங்களின் ஆய்வாளர்கள் செல்லை உறையவைத்து முப்பரிமாணத்தில் படமெடுக்கும் உறைநிலை மின்னணு டோமோகிராஃபி மூலம் இந்த இணைப்புகளின் வடிவத்தையே காட்டினார்கள். குழாய், அதன் முனையில் அடைப்பு, அதற்கு மேல் ஐந்து கைகள் கொண்ட மூடி என்ற அமைப்பு தெளிவாகத் தெரிந்தது. சவ்வின் மின்னழுத்தம் சரிந்தால் இணைப்பு மூடிக்கொள்வதும் தெரியவந்தது. சுவர் நொதியொன்றை நீக்கியபின் இணைப்புகள் குறைந்தனவா, மூடியபடி நிற்கின்றனவா என்று பிரித்துச் சொல்ல வேண்டுமானால், ஒப்பிட இதைவிட நல்ல அடிப்படை வேறு உயிரியில் இல்லை.

மறைந்திருக்கும் செலவுகளை இனிச் சொல்ல வேண்டும். முதலாவது, ஒவ்வொரு செல்லிலும் குரோமோசோமின் பல படிகள் (நகல்கள்) இருக்கின்றன. நீக்கப்பட்ட மரபணு எல்லாப் படிகளிலிருந்தும் போய்விட்டது என்று டிஎன்ஏவைப் பெருக்கிப் பார்க்கும் பிசிஆர் மூலம் உறுதிசெய்யும்வரை கிடைக்கும் தோற்றம் அரைகுறையானதே. ஒரே இழையில் மாறிய செல்லும் மாறாத செல்லும் அடுத்தடுத்து நிற்கக்கூடும் என்பதால், ஒலியலை கொண்டு இழைகளைச் சிறு துண்டுகளாக்கி மறுபடி மறுபடி தட்டில் பரப்ப வேண்டியிருக்கும். இரண்டாவது, அந்நிய டிஎன்ஏவை வெட்டும் நொதிகள் இந்த உயிரியில் உள்ளன. அதனால் செலுத்தப்படும் பிளாஸ்மிட்டை முன்கூட்டியே மெத்திலேற்றம் செய்து (மெத்தில் தொகுதிகளை ஏற்றி) அந்த வெட்டிலிருந்து காக்கும் துணைப் பிளாஸ்மிட் ஈ.கோலையில் இருக்க வேண்டும். அது இல்லாமல் செய்த இணைவு பலிக்காதபோது, மரபணு இன்றியமையாதது என்று தவறாக முடிவெடுக்க நேரிடும். மூன்றாவது, பெப்டிடோகிளைக்கன் கட்டுமானத்தில் ஈடுபடும், பெனிசிலினைப் பற்றும் புரதங்கள் இதில் பன்னிரண்டு உள்ளன. ஒன்றை நீக்கினால் மற்றொன்று அதன் வேலையை ஏற்றுக்கொள்ளக்கூடும். எந்த மாற்றமும் தெரியவில்லை என்பதால் அந்தப் புரதத்துக்கு வேலை இல்லை என்று எழுதிவிடக் கூடாது.

நான்காவது செலவு வேதிப் பகுப்பாய்வில் வருகிறது. ஹெட்டெரோசிஸ்டுகள் மொத்தச் செல்களில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே என்பதால், இழையை அப்படியே எடுத்துப் பெப்டிடோகிளைக்கனைப் பகுத்தால் கிடைப்பது சாதாரணச் செல்களின் சுவர்தான். ஹெட்டெரோசிஸ்டைப் பிரிக்க வழக்கமாகக் கையாளும் முறையில் லைசோசைம் சேர்ப்பது உண்டு. ஆனால் லைசோசைம் வெட்டுவதே பெப்டிடோகிளைக்கனின் சர்க்கரைச் சங்கிலியைத்தான். சுவரை ஆராயப் போகிறவர், பிரித்தெடுக்கும்போதே சுவரைச் சிதைத்துவிட்டால் பிறகு எந்த அளவீட்டுக்கும் பொருளில்லை. அதனால் இந்த நோக்கத்துக்கு லைசோசைமைத் தவிர்த்து, ஒலியலை அல்லது அழுத்தம் கொண்டு சாதாரணச் செல்களை மட்டும் உடைப்பதே சரி. விளைச்சல் குறைந்தாலும் பரவாயில்லை.

இன்னொரு சிறு விஷயம் பலரையும் குழப்புகிறது. வழக்கமான பிஜி11 ஊடகத்தில் இரும்புக்காகச் சேர்க்கப்படுவது ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட். நைட்ரேட்டை மட்டும் நீக்கிவிட்டு இதை விட்டுவைத்தால் ஊடகத்தில் அம்மோனியம் மிச்சமிருக்கும். ஹெட்டெரோசிஸ்ட் தோன்றும் நேரம் அதனால் தள்ளிப்போகலாம். சுவர் மாற்றங்களை மணிக்கணக்கில் பின்தொடரும் சோதனைகளில் ஃபெரிக் சிட்ரேட்டைப் பயன்படுத்துவது நல்லது.

எப்போது இதுவே சரியான தேர்வு: கேள்வி ஹெட்டெரோசிஸ்டின் போர்வை, குறுக்குச்சுவர் இணைப்புகள், அல்லது செல் பிரிவுக்கும் வேறுபாட்டுக்கும் உள்ள தொடர்பு ஆகியவற்றில் ஒன்றாக இருக்கும்போது.

## நாஸ்டாக் பங்டிஃபார்மே ஏடிசிசி 29133

சைகாட் தாவரமொன்றின் வேரிலிருந்து பிரிக்கப்பட்ட இந்த இனவகையின் மரபணுத்தொகுதி ஏறத்தாழ 90 லட்சம் இணைகள் கொண்டது. இதன் சிறப்பு, ஒரே உயிரியில் சுவரின் மூன்று வேறுபட்ட விதிகளைப் பார்க்க முடிவது. ஹெட்டெரோசிஸ்டில் செல் பிரிவது நிற்கிறது, போர்வை மட்டும் அடுக்கப்படுகிறது. கடினமான காலத்தைக் கடக்க உதவும் உறங்குநிலைச் செல்லான அக்கினீட்டில் செல் பருக்கிறது, உறை தடிக்கிறது. ஹார்மோகோனியத்திலோ செல்கள் வளராமலேயே தொடர்ந்து பிரிந்து சிறுத்து, ஊர்ந்து செல்லும் குறுகிய இழைகளாகின்றன. ஹெட்டெரோசிஸ்டோடு இருந்த இணைப்பு அறுந்து இழை துண்டாகிறது. நீளவாக்கில் சுவரை வளர்க்கும் இயந்திரத்தையும் குறுக்குச்சுவர் எழுப்பும் இயந்திரத்தையும் தனித்தனியே காண விரும்புகிறவருக்கு, வளர்ச்சியின்றிப் பிரிவு மட்டும் நடக்கும் ஹார்மோகோனியம் இயற்கையே அமைத்துக்கொடுத்த சோதனை. இந்தக் கோணத்தில் இந்த உயிரி இன்னும் போதிய அளவு பயன்படுத்தப்படவில்லை என்றே நினைக்கிறேன்.

குறுக்குச்சுவரின் நுண்துளை வரிசை முதலில் நன்றாகப் புலப்பட்டதும் இதில்தான். பிரித்தெடுத்த சுவரின் குறுக்குத் தட்டில் சுமார் 20 நானோமீட்டர் விட்டமுள்ள துளைகள் நூற்றுக்கு மேல் நடுப்பகுதியில் திரண்டிருப்பதை மின்னணு நுண்ணோக்கி காட்டியது. இந்தத் துளைகளை இடுவது ஆமிசி குடும்பத்தைச் சேர்ந்த அமைடேஸ் நொதிகள். அதாவது சுவரைக் கட்டுவதற்கல்ல, வெட்டுவதற்குப் பெயர்பெற்ற நொதிகளே செல்களுக்கிடையிலான தொடர்புக்கு வழி திறக்கின்றன.

இரண்டு இனவகைகளையும் ஒப்பிட ஆமிசியைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. நாஸ்டாக்கில் ஆமிசி2 நீக்கப்பட்டபோது, 2011இல் வெளியான ஆய்வின்படி, ஒழுங்கான இழைகளே உருவாகவில்லை. செல்கள் தாறுமாறான திரள்களாக வளர்ந்தன, செல் வேறுபாடும் நின்றுபோனது. அனபீனாவில் ஆமிசி1 இல்லாதபோது, 2012இல் வந்த ஆய்வின்படி, இழை குலையவில்லை. ஆனால் செல்களுக்கிடையே கால்சீன் கடக்கவில்லை, ஹெட்டெரோசிஸ்டும் தோன்றவில்லை. நாஸ்டாக்கின் முடிவை மட்டும் பார்ப்பவர், வேறுபாடு நின்றதற்கு உருக்குலைந்த செல்கள்தான் காரணமோ என்று ஐயப்பட இடமுண்டு. அனபீனாவில் இழை நன்றாயிருந்தும் வேறுபாடு நின்றதால், தொடர்பு அறுந்ததே காரணம் என்னும் விளக்கம் வலுப்பெறுகிறது. ஒரு இனவகையின் முடிவை இன்னொன்றின் மேல் அப்படியே ஏற்றிச் சொல்வது எவ்வளவு ஆபத்து என்பதையும் இதே இணை காட்டுகிறது.

இதன் செலவுகள் குறைவல்ல. இழைகள் பாலிசாக்கரைடில் பின்னிக் கட்டி தட்டுகின்றன. ஒளியடர்த்தியை வைத்து வளர்ச்சியை அளந்தால் எண்கள் தாவும், பச்சையத்தைப் பிரித்து அளப்பதே நம்பகமானது. அதே பாலிசாக்கரைடு பெப்டிடோகிளைக்கன் தூய்மைப்படுத்தலிலும் தொல்லை தரும். எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல், புதிய ஊடகத்துக்கு மாற்றினாலே ஹார்மோகோனியங்கள் தாமாகத் தோன்றிவிடுவது. சாதாரண வளர்ச்சிச் செல்கள் என்று நீங்கள் எடுத்துவைக்கும் ஒப்பீட்டு மாதிரியில் பாதி வேறு செல்லாக இருக்கலாம். மாதிரி எடுக்கும் ஒவ்வொரு முறையும் நுண்ணோக்கியில் பார்த்துக் குறித்துவைப்பது இங்கே கட்டாயம். அக்கினீட்டுகளும் இயல்பில் ஒரே நேரத்தில் உருவாவதில்லை. அதற்காக, குளுக்கோஸ்-6-பாஸ்பேட் டிஹைட்ரோஜினேஸ் மரபணுவை இழந்த வகையை ஃபுரக்டோஸுடன் இருளில் வைத்து அக்கினீட் போன்ற செல்களை ஒருசேரப் பெறும் முறையைப் பயன்படுத்துகிறார்கள். அது வசதியானது, ஆனால் வளர்சிதைமாற்றத்தில் குறையுள்ள செல்லின் சுவரை இயல்பான செல்லின் சுவராகக் கொள்ளலாமா என்பதை ஒவ்வொரு சோதனையிலும் தனியே சரிபார்க்க வேண்டும்.

எப்போது இதைத் தேர்ந்தெடுப்பது: ஒரே சுவர் பல வகைச் செல்களில் எப்படி வெவ்வேறாக மாற்றியமைக்கப்படுகிறது என்பதே கேள்வியாக இருக்கும்போது, அல்லது தாவரத்தோடு கூட்டுவாழ்வு ஆய்வின் பகுதியாக வரும்போது.

## சினெக்கோசிஸ்டிஸ் பிசிசி 6803, சினெக்கோகாக்கஸ் பிசிசி 7942

இவை ஒற்றைச் செல் வகைகள். சினெக்கோசிஸ்டிஸின் மரபணுத்தொகுதி 1996இலேயே வெளியானது. ஒளிச்சேர்க்கை செய்யும் உயிரிகளில் முதலில் முழுமையாக வரிசைப்படுத்தப்பட்டது அதுதான். இரண்டும் சுற்றியுள்ள டிஎன்ஏவைத் தாமாகவே உள்ளிழுத்துக்கொள்வதால் இணைவு முறையே தேவைப்படாது. சினெக்கோசிஸ்டிஸில் பெனிசிலினைப் பற்றும் புரதங்கள் எட்டுதான் என்பதால் ஒன்றுக்குப் பதில் ஒன்று வேலைசெய்யும் சிக்கலும் சற்றுக் குறைவு. செல் பிரிவு வளையத்தின் புரதங்கள் எவை எவற்றோடு இணைகின்றன, ஒரு டிரான்ஸ்பெப்டிடேஸ் (பெப்டைடுகளைப் பிணைக்கும் நொதி) உண்மையில் குறுக்குப் பிணைப்பை இடுகிறதா போன்ற கேள்விகளுக்கு இவை தாராளமாகப் போதும். வடிவம்தான் கேள்வி என்றால் கோளமான சினெக்கோசிஸ்டிஸைவிடக் கோலுருவான சினெக்கோகாக்கஸ் நல்லது; நீளவாக்கு வளர்ச்சியும் பிரிவும் ஒரே அச்சில் தெளிவாகத் தெரியும்.

ஆனால் இவற்றில் மகள் செல்கள் பிரிந்து போய்விடுகின்றன. நிலைத்து நிற்கும் குறுக்குச்சுவர் இல்லை, அதில் துளை இல்லை, ஹெட்டெரோசிஸ்டும் இல்லை. இங்கே தொடங்கிப் பிறகு இழைக்கு மாறலாம் என்ற யோசனை ஓரளவுக்கே பலிக்கும். நொதியின் வேதிச்செயல் இரண்டிலும் ஒன்றாக இருக்கலாம். அது எங்கே, எப்போது அனுமதிக்கப்படுகிறது என்பது இழையில் வேறு. குரோமோசோமின் பல படிகள் என்ற தொல்லையும் இங்கே நீங்குவதில்லை. சினெக்கோசிஸ்டிஸில் அது அனபீனாவுக்குக் குறைந்ததல்ல.

## அனபீனா வேரியாபிலிஸ், ஃபிஷெரெல்லா

அனபீனா வேரியாபிலிஸ் ஏடிசிசி 29413 ஃபுரக்டோஸைக் கொண்டு இருளிலும் வளரும், அக்கினீட்டும் தரும். ஒளிச்சேர்க்கையைப் பாதிக்கும் பிறழ்வுகளோடு சுவர் ஆய்வைச் சேர்த்துச் செய்ய அது உதவும். ஒரு பொறி மட்டும் உண்டு. ஆக்ஸிஜன் இல்லாத சூழலில் இதன் சாதாரணச் செல்களே தனியான ஒரு நைட்ரோஜினேஸை உருவாக்கிக்கொள்ளும். பிசிசி 7120இல் போர்வைக் குறையைக் கண்டுபிடிக்கப் பயன்படும் காற்று–காற்றில்லா ஒப்பீட்டை இங்கே அப்படியே செய்தால் ஹெட்டெரோசிஸ்ட் வேலைசெய்வதாகத் தவறாகத் தோன்றும்.

ஃபிஷெரெல்லாவைத் தேர்ந்தெடுக்கக் காரணம் ஒன்றுதான்: அதன் செல்கள் ஒன்றுக்கு மேற்பட்ட தளங்களில் பிரிந்து உண்மையான கிளைகளை உண்டாக்குகின்றன. பிரிவுத் தளம் எப்படித் திரும்புகிறது என்பது கேள்வியென்றால் வேறு வழியில்லை. டிஎன்ஏ செலுத்தும் முறைகள் 2012இல் வெளியாகியுள்ளன. ஆயினும் பிசிசி 7120க்கு இருக்கும் கருவிகளோடு ஒப்பிட்டால் அவை தொடக்க நிலையே. தனி ஒருவர் குறுகிய காலத் திட்டத்தில் இதை எடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | அனபீனா 7120 | நாஸ்டாக் பங்டிஃபார்மே | ஒற்றைச் செல் வகைகள் | ஃபிஷெரெல்லா |
|---|---|---|---|---|
| நிலைத்த குறுக்குச்சுவர் | உண்டு. இணைப்புகளின் அமைப்பும் தெரியும் | உண்டு. நுண்துளை வரிசை தெளிவு | இல்லை | உண்டு. பிரிவுத் தளம் மாறும் |
| சிறப்புச் செல்கள் | ஹெட்டெரோசிஸ்ட் | ஹெட்டெரோசிஸ்ட், அக்கினீட், ஹார்மோகோனியம் | இல்லை | ஹெட்டெரோசிஸ்டும் கிளைகளும் |
| ஒருசேரத் தூண்டல் | மிக நன்று | ஹார்மோகோனியத்தில் நன்று, அக்கினீட்டில் கடினம் | பொருந்தாது | கடினம் |
| மரபணுக் கருவிகள் | மிகுதி | போதுமானவை | மிக எளிது | குறைவு |
| சுவர் பிரித்தெடுப்பு | எளிது. ஹெட்டெரோசிஸ்ட் மட்டும் கடினம் | பாலிசாக்கரைடால் தாமதம் | எளிது | கடினம் |
| மறைந்த செலவு | பல குரோமோசோம் படிகள், பதிலி நொதிகள் | கலப்பான ஒப்பீட்டு மாதிரி | இழைக்குப் பொருந்தாத முடிவுகள் | முறைகளை உருவாக்கும் காலம் |

## இன்றியமையாத மரபணுவாக இருந்தால்

சுவர் ஆய்வில் அடிக்கடி எதிர்ப்படும் நிலை இது. பிரிவு வளையத்தை அமைக்கும் எஃப்டிஎஸ்-இசட் போன்றவற்றை நீக்கினால் செல் பிழைக்காது. எம்ஆர்இ-பி போன்ற வடிவப் புரதத்தையோ பிசிசி 7120இல் நீக்க முடிகிறது, செல்கள் உருமாறியபடி உயிரோடு இருக்கின்றன. உங்கள் மரபணு முதல் வகையைச் சேர்ந்தது என்றால் முடிவு ஏறத்தாழ அனபீனா 7120க்கே சாயும். தாமிரத்தின் அளவைக் கொண்டு கட்டுப்படுத்தும் பெட்இ ஊக்கி (ஊக்கி என்பது மரபணுவை இயக்கும் டிஎன்ஏ பகுதி), அம்மோனியம் சேர்த்தால் அடங்கும் நிர்ஏ ஊக்கி, கிறிஸ்பர் சார்ந்த அடக்கும் முறைகள் ஆகிய மூன்றும் அதில் சோதித்துப் பார்க்கப்பட்டவை. இவற்றுள் நிர்ஏ ஊக்கியை ஹெட்டெரோசிஸ்ட் சோதனைக்குப் பயன்படுத்துவதில் சிக்கல் உண்டு: மரபணுவை அடக்கச் சேர்க்கும் அம்மோனியமே ஹெட்டெரோசிஸ்ட் உருவாவதையும் நிறுத்திவிடும். சுவர் நொதி அடங்கியதால் வேறுபாடு நின்றதா, அம்மோனியத்தால் நின்றதா என்று பிறகு பிரித்தறிய வழியிருக்காது. அந்த இடத்தில் தாமிர ஊக்கியே ஏற்றது. அதற்கும் தாமிரம் அறவே கலக்காத கண்ணாடிக் கலன்களும் நீரும் தேவை.

நடுவில் இனவகையை மாற்ற நேர்ந்தால் எவை கூட வரும் என்பதையும் முன்கூட்டியே கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். ஒளிரும் டி-அமினோ அமிலம் கொண்டு புதுச் சுவரைக் குறியிடும் முறையும், தூய்மையாக்கிய நொதியைக் கொண்டு செய்த சோதனைகளும் பெரும்பாலும் கூட வரும். நீக்கல் பிளாஸ்மிட்கள் வராது. மரபணுவின் இருபுறமும் உள்ள வரிசை மாறிவிடுவதால் ஒவ்வொன்றையும் புதிதாகக் கட்ட வேண்டும். தூண்டல் நேரங்களும் வராது. பிசிசி 7120இல் கிடைத்த 24 மணி நேரக் கணக்கை நாஸ்டாக்கில் எடுத்துக்கொள்ளாமல், ஒவ்வொரு சில மணி நேரத்துக்கும் ஆல்சியன் நீலச் சாயமிட்டு, பாலிசாக்கரைடுப் போர்வை எப்போது தோன்றுகிறது என்று அந்த வளர்ப்பிலேயே பார்த்த பிறகே மாதிரிகளை எடுக்கத் தொடங்க வேண்டும்.